தங்கவயல் இடைத்தேர்தல் ஒன்றை மீட்டெழுதுவது எப்படி: விக்டோரியா, ஒடாகோ ஆய்வுக்கு ஒரு கையேடு

பழைய இடைத்தேர்தல் ஒன்றைப் பற்றி எழுத உட்காருபவர் முதலில் தேடுவது வாக்காளர் பட்டியலை. தங்கவயல் தொகுதியில் அந்தத் தேடல் பெரும்பாலும் வீண். நியூசிலாந்தின் ஒடாகோ மாகாணத்தில் 1862-இல் உருவாக்கப்பட்டு 1870-இல் ஒழிக்கப்பட்ட ‘கோல்ட் ஃபீல்ட்ஸ்’ தொகுதிக்குப் பட்டியல் என்ற ஒன்று தயாரிக்கப்படவே இல்லை. தங்கம் தோண்டுபவர் தன் சட்டைப்பையில் வைத்திருந்த சுரங்க உரிமைச் சீட்டைச் சாவடியில் காட்டினால் போதும், வாக்களிக்கலாம். சீட்டு குறிப்பிட்ட காலம் கையில் இருந்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை.

இந்த ஒரு காரணத்தால் வேலையின் வரிசையே தலைகீழாகிறது. இன்றைய தேர்தலை அலசுபவர் எண்களில் தொடங்குவார். தங்கவயல் தேர்தலில் சட்டத்தில் தொடங்கி, நாட்காட்டிக்கு வந்து, செய்தித்தாள்களைப் படித்து முடித்த பிறகே எண்களைத் தொட வேண்டும்.

கோலாரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். அது மைசூர் சமஸ்தானத்துக்குள் கம்பெனி நடத்திய ஆழ்சுரங்கம். இங்கே பேசப்படுவது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆற்றுப்படுகைகளிலும் மலைச்சரிவுகளிலும் தனித்தனி ஆட்களாகவும் சிறு கூட்டுகளாகவும் மண்ணை அலசியவர்களைப் பற்றி. அவர்களுக்கு வாக்கு இருந்தது. ஆனால் நிலையான வீடு இருக்கவில்லை. சிக்கல் முழுதும் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் படி: அந்த நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது?

தேர்தல் தேதி தெரிந்தவுடன் அந்த நாளுக்குரிய வாக்குரிமைச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். ஐந்து ஆண்டு முந்திய சட்டம் உதவாது. இந்தத் துறையில் விதிகள் அடிக்கடி மாறின.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் 1851-இல் மாதம் 30 ஷில்லிங் என்று தொடங்கிய லைசென்ஸ் கட்டணமே கோபத்துக்கு விதை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது 18 பவுண்டு. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டியவருக்கு வாக்கும் இல்லை. 1854 டிசம்பர் 3-இல் பல்லாரட் ஊரின் யுரேகா தடுப்பரணில் தோண்டுபவர்களும் அரசுப் படையும் மோதி ரத்தம் சிந்திய பிறகு, 1855-இல் லைசென்ஸ் போய், ஆண்டுக்கு 1 பவுண்டு கட்டணத்தில் சுரங்க உரிமைச் சீட்டு வந்தது. தோண்டும் உரிமையும் வாக்குரிமையும் அதே சீட்டில் சேர்ந்து வந்தன.

நியூசிலாந்தில் 1852-இன் அரசியலமைப்புச் சட்டம் சொத்தை அளவுகோலாக வைத்தது: 50 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலம், அல்லது ஆண்டுக்கு 10 பவுண்டு பெறுமான குத்தகை, அல்லது நகரத்தில் 10 பவுண்டு, வெளியே 5 பவுண்டு ஆண்டு வாடகை பெறும் வீடு. கூடாரத்தில் படுப்பவர் இதில் எதிலும் வரமாட்டார். அதனால்தான் 1860-இல் தங்கம் தோண்டுவோருக்கென்றே தனி வாக்குரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து எதுவும் தேவையில்லாமல் எல்லா ஆண்களுக்கும் வாக்கு என்பது 1879-இல்தான் வந்தது. பெண்களுக்கு 1893-இல்.

சட்டத்தைப் படிக்கும்போது நான்கு விஷயங்களைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சீட்டு எத்தனை மாதம் கையில் இருந்திருக்க வேண்டும், இடையில் காலாவதியாகியிருந்தால் என்ன ஆகும், வாக்கு வாய்மொழியா, ரகசியச் சீட்டா, வேறு தொகுதியில் சொத்து உள்ளவர் இங்கேயும் வாக்களிக்கலாமா. கடைசிக் கேள்வி முக்கியம். ஒடாகோவின் கோல்ட் ஃபீல்ட்ஸ் தொகுதி தனி நிலப்பரப்பு கொண்டதல்ல. மற்றத் தொகுதிகளின் மேல் விரிக்கப்பட்டிருந்தது. கீழே உள்ள தொகுதியில் சொத்து வாக்கு, மேலே சீட்டு வாக்கு என்று ஒரே ஆள் இரண்டிலும் வாக்களிக்க முடிந்தது. இதை அறியாமல் ஒடாகோ தொகுதிகளின் வாக்குகளைக் கூட்டி ‘மொத்த வாக்காளர்’ என்று எழுதினால், ஒரே ஆளை இருமுறை எண்ணியிருப்பீர்கள்.

பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதியையும் மறக்கக் கூடாது. 1860-களின் நடுவிலிருந்து ஒடாகோவுக்கு வந்த சீனத் தொழிலாளர்கள் சீட்டு வாங்கியிருந்தாலும் வாக்காளர்கள் ஆகவில்லை. ஆகவே அந்தப் பகுதியில் விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையை வாக்காளர் எண்ணிக்கையாகக் கொள்ளவே முடியாது.

எந்தச் சபைக்கான தேர்தல் என்பதை உறுதிசெய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நியூசிலாந்தில் 1876 வரை மாகாண சபைகள் இருந்தன. அவற்றுக்கும் தங்கவயல் உறுப்பினர்கள் உண்டு. ஒரே ஊர், ஒரே வேட்பாளர், சில வேளை ஒரே மாதம். செய்தித்தாள் இரண்டையும் ‘கோல்ட் ஃபீல்ட்ஸ் தேர்தல்’ என்றே தலைப்பிடும். ஜூலியஸ் வோகல் 1866 முதல் 1870 வரை அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதே காலத்தில் ஒடாகோ மாகாண அரசின் தலைவராகவும் இருந்தார். ‘வோகல் தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்ற ஒற்றை வரியை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

விக்டோரியாவில் இதே குழப்பத்தை உள்ளூர்ச் சுரங்க நீதிமன்றங்களும் 1858-க்குப் பிறகு சுரங்க வாரியங்களும் தருகின்றன. அவற்றுக்கும் தேர்தல் உண்டு, சீட்டு வைத்திருந்தவர்களே வாக்காளர்கள். ஐயம் வந்தால் செய்தியில் ‘சபாநாயகர்’, ‘ரிட்’ (தேர்தல் நடத்தச் சொல்லும் ஆணை) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அநேகமாக அது சட்டசபை அல்லது நாடாளுமன்றத் தேர்தல்.

கோல்ட் ஃபீல்ட்ஸ் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். 1866-க்குப் பின் வோகலும் சார்லஸ் ஓ’நீலும். இப்படிப்பட்ட தொகுதியில் இடைத்தேர்தல் என்றால், காலியானது யாருடைய நாற்காலி என்று முதலில் நிறுவ வேண்டும். பொதுத்தேர்தலில் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒரு நாற்காலிக்கான இடைத்தேர்தலில் ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிட்டு ‘ஆதரவு பாதியாகச் சரிந்தது’ என்று எழுதப்பட்ட வரிகளை நம்ப வேண்டாம்.

நாற்காலி ஏன் காலியானது?

சாவு, பதவி விலகல் என்ற இரண்டோடு நின்றுவிடாதீர்கள். நியூசிலாந்து அரசியலமைப்புப்படி ஒரு கூட்டத்தொடர் முழுக்க அனுமதியின்றி வராதிருந்தால் இடம் காலி. வேற்று நாட்டுக்கு விசுவாசம் தெரிவித்தால் காலி. கடன் தீர்க்க வழியில்லாமல் திவாலானாலும் காலி. தங்கவயல் ஊர்களில் கடை வைத்திருந்த உறுப்பினர்களுக்கு இந்தக் கடைசி விதி வெறும் எழுத்தல்ல. ஒரு படுகை வற்றினால் கடனுக்குச் சரக்குக் கொடுத்த கடைக்காரரும் சேர்ந்து விழுவார்.

பதவி விலகல்கள் அதிகமாக இருந்ததற்கும் காரணம் உண்டு. 1864 வரை நாடாளுமன்றம் பெரும்பாலும் ஆக்லாந்தில் கூடியது. ஒடாகோ உள்நாட்டிலிருந்து குதிரையில் துறைமுகம், அங்கிருந்து கப்பல் என்று போய்ச் சேர வேண்டும். கூட்டத்தொடர் மாதக்கணக்கில் நீளும். தொழிலை விட்டுப் போக எல்லோராலும் முடியவில்லை. ஒடாகோவின் வாகடிப்பு தொகுதியில் 1871 முதல் 1873-க்குள் சார்லஸ் ஹாட்டன், குவீன்ஸ்டவுன் வணிகர் பெண்டிக்ஸ் ஹாலன்ஸ்டைன், வின்சென்ட் பைக் என்று மூன்று பேர் மாறினார்கள். அதாவது ஒரே நாடாளுமன்றக் காலத்தில் இரண்டு இடைத்தேர்தல்கள்.

விக்டோரியாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் எடுத்தால் இன்னொரு வகை இருக்கிறது: அமைச்சர் பதவி ஏற்பவர் தன் தொகுதியில் மறுபடி நின்று ஜெயிக்க வேண்டும். பெரும்பாலும் போட்டியே இருக்காது. ஆனால் 1901-இன் இறுதியில் கூல்கார்டி தங்கவயலின் உறுப்பினர் ஆல்ஃப் மார்கன்ஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வரானபோது, அவருடைய அமைச்சர்கள் மூவர் இந்த மறுதேர்தலில் தோற்றார்கள். ஒரு மாதத்தைச் சற்றே தாண்டியதும் அரசு கவிழ்ந்தது. ஆகவே ‘வெறும் சம்பிரதாயம்’ என்று இத்தகைய தேர்தல்களைத் தள்ளிவிடாதீர்கள்.

நான்கு தேதிகள்

எந்த இடைத்தேர்தலுக்கும் குறைந்தது நான்கு தேதிகள் இருக்கும்: ரிட் பிறப்பிக்கப்பட்ட நாள், வேட்புமனு நாள், வாக்குப்பதிவு நாள், முடிவு அறிவித்த நாள். உறுப்பினர் பட்டியல்களில் ஒன்றில் வாக்குப்பதிவு நாளும், இன்னொன்றில் அறிவிப்பு நாளும் இருப்பதால்தான் முரண்பாடு போலத் தோன்றுகிறது. நான்கையும் குறித்துவையுங்கள். போட்டியில்லாமல் தேர்வானால் மனு நாளே தேர்தல் நாள். வாக்குப்பதிவுக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

மலைநாட்டுத் தொகுதிகளில் மனு நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடைவெளி அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள். தொலைவிலுள்ள சாவடிகளுக்கு ஆள் அனுப்பி வேட்பாளர் பெயர்களைச் சேர்க்க வேண்டும் என்பதே காரணம். பனியும் ஆற்றுவெள்ளமும் வந்தால் பெட்டி திரும்பி வரவும் தாமதம். சாவடி முடிவுகள் பல நாட்களில் துண்டுதுண்டாக அச்சானதும் இதனால்தான்.

செய்தித்தாளில் தேடுவது

நியூசிலாந்துக்கு ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’, ஆஸ்திரேலியாவுக்கு ‘டிரோவ்’. இரண்டும் தேசிய நூலகங்கள் இலவசமாக வைத்திருக்கும் தளங்கள். ஒடாகோவுக்கு ஒடாகோ டெய்லி டைம்ஸ், ஒடாகோ விட்னஸ், லேக் வாகடிப் மெயில், 1868-க்குப் பின் டுவாபெகா டைம்ஸ். விக்டோரியாவுக்கு பல்லாரட் ஸ்டார், பெண்டிகோ அட்வர்டைசர், மவுண்ட் அலெக்சாண்டர் மெயில்.

தேடல்பெட்டியில் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். கோல்ட் ஃபீல்ட்ஸ் என்பதை ஒரே சொல்லாகவும், இரண்டாகப் பிரித்தும், இடைக்கோடு போட்டும் மூன்று முறை தேடுங்கள். வாகடிப்பு ஏரி அக்காலத்தில் கடைசி உயிரெழுத்து இல்லாமல் ‘வாகடிப்’ என்றே அச்சானது. ஹாலன்ஸ்டைன் போன்ற ஜெர்மானியப் பெயர்களை அச்சுக்கோப்பவர் தனக்குத் தோன்றியபடி எழுதினார். பெயரால் கிடைக்காவிட்டால், வாக்குப்பதிவு நடந்திருக்கக்கூடிய வாரத்தைப் பிடித்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வேகமான வழி.

எழுத்துணரி மென்பொருள் தரும் வரிகளிலிருந்து வாக்கு எண்களை ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். தேய்ந்த அச்சில் 3, 5, 8 மூன்றும் ஒன்றாகத் தெரியும். 1 காணாமலே போகும். பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் படியுங்கள். டிரோவில் பிழையைத் திருத்தும் வசதி உண்டு, அடுத்தவருக்காகத் திருத்திவிட்டு வாருங்கள்.

‘இன்ஸ்ட்’ என்றால் இதே மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம், ‘ப்ராக்ஸ்’ என்றால் அடுத்த மாதம். வார இதழ் பழைய நாளிதழ்ச் செய்தியை அப்படியே மறுபதிப்பு செய்யும்போது ‘நேற்று’ என்பதையும் மாற்றாமல் விட்டுவிடும். ஆகவே ‘நேற்று’ என்று கண்டால், அந்தச் செய்தி முதலில் எந்த இதழில் வந்தது என்று தேடிப் பிடித்த பிறகே தேதி எழுதுங்கள்.

செய்தித்தாள் யாருடையது என்பதையும் கேளுங்கள். ஒடாகோ டெய்லி டைம்ஸை 1861-இல் தொடங்கியவர்களில் ஒருவர் வோகல். 1868 வரை ஆசிரியரும் அவரே. வேட்பாளரும் ஆசிரியரும் ஒரே ஆள்! அந்த இதழில் எதிராளியின் கூட்டத்துக்கு ‘சுமார் நாற்பது பேர் வந்தனர்’ என்று இருந்தால், வேறொரு இதழைப் பார்க்காமல் அதை எடுத்தாள வேண்டாம்.

மனு நாள்: கைதூக்கலை எப்படிப் படிப்பது

மனு நாளில் மேடை கட்டி, தேர்தல் அதிகாரி ரிட்டைப் படிப்பார். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, வேட்பாளர் பேசுவார். கூட்டத்திலிருந்து கேள்விகள் பறக்கும். பிறகு கை தூக்கச் சொல்வார்கள். அதிகாரி கண்ணோட்டமாகப் பார்த்து யாருக்கு அதிகம் என்று அறிவிப்பார். தோற்றவர் தரப்பு ‘போல்’ கேட்கும். அதன் பிறகுதான் உண்மையான வாக்குப்பதிவு.

கை தூக்கியவர்களில் வாக்குரிமை இல்லாதவர்கள், சீட்டு காலாவதியானவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பையன்கள் எல்லோரும் உண்டு. கைதூக்கலில் ஜெயித்தவர் வாக்கில் தோற்பது சாதாரணம். அதைத் ‘தேர்தல் முடிவு’ என்று எழுதுவது பிழை. ஆனால் ஒதுக்கிவிடுவதும் இழப்பு: கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் தோண்டுபவர்களும் கூடி நிற்கும் தெருவில் யார் பக்கம் காற்று வீசியது என்பதற்கு வேறு சான்று கிடைக்காது. தனிக் குறிப்பாக வையுங்கள்.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களையும் அவர்களின் தொழிலையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்சிகள் இல்லாத காலத்தில் ஆதரவுக் கூட்டணியைக் காட்டுவது அந்த இரண்டு பெயர்கள்தான். வணிகர் முன்மொழிய, தோண்டுபவர் வழிமொழிந்தால் அது திட்டமிட்ட ஏற்பாடு. நியூசிலாந்தில் 1890-களுக்கு முந்திய வேட்பாளருக்குக் கட்சிப் பெயர் ஒட்டாதீர்கள். அவர்கள் பேசியது ஏற்றுமதித் தங்கத்தின் மீதான வரி, நீர்வாய்க்கால் உரிமை, சாலை, மேய்ச்சல் குத்தகைக்காரரிடமிருந்து நிலத்தைத் திறந்துவிடுவது. அந்த விஷயங்களில் யார் எங்கே நின்றார் என்று எழுதுங்கள்.

வாக்குப்பதிவும் எண்களும்

நியூசிலாந்தில் 1870-இன் சட்டம் வரை வாக்கு வெளிப்படையானது. ரகசியச் சீட்டு முதலில் பயன்பட்ட பொதுத்தேர்தல் 1871-இல் நடந்தது. விக்டோரியா 1856 மார்ச்சிலேயே ரகசிய வாக்குச் சட்டம் இயற்றியது. அங்கே பிடிக்காத வேட்பாளர்களின் பெயரை அடித்துவிட்டு, வேண்டியவர் பெயரை மட்டும் விட வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வேண்டியவரையே அடித்தால் வாக்கு எதிராளிக்குப் போகும். எல்லோரையும் அடித்தால் செல்லாது.

உங்கள் தேர்தல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்துச் செய்தியின் மதிப்பு மாறுகிறது. வெளிப்படை வாக்கில் மணிக்கு மணி வந்த எண்ணிக்கை உண்மையான எண்ணிக்கை. காலையில் யார் முந்தினார், மதியம் எந்தக் கூட்டம் வந்து சேர்ந்தது என்று அதிலிருந்து படிக்கலாம். ரகசிய வாக்கில் மாலைக்குள் வந்த எந்த எண்ணும் வேட்பாளர் அலுவலகத்தின் ஊகம்.

இனி அட்டவணை. வரிசைக்கு ஒரு சாவடி, நிரலுக்கு ஒரு வேட்பாளர், கடைசி நிரலில் எந்த இதழ், எந்தத் தேதி. அதே சாவடிக்கு இரண்டு இதழ் இரண்டு எண் தந்தால் இரண்டையும் எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். பிறகு கூட்டிப் பாருங்கள். மாதிரிக்கு, அதிகாரி அறிவித்த மொத்தம் 412, உங்கள் கூட்டல் 362 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50. பத்தாமிடத்தில் 8 என்பது 3 ஆகப் படிக்கப்பட்டிருக்கலாம். 80-க்கு மேல் வாக்கு வரக்கூடிய சாவடியில் 30 சொச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் 5 என்றால் ஒன்றாமிடத்தில் அதே தேடல். வித்தியாசம் இந்த வடிவில் இல்லாமல் 47, 63 என்று வந்தால், அநேகமாக ஒரு சாவடி முழுதாக விட்டுப்போயிருக்கிறது. அதன் முடிவு பின்னால் வந்த இதழில் இருக்கும்.

வாக்குப்பதிவு சதவீதம் மட்டும் கேட்காதீர்கள். பட்டியல் இல்லாத தொகுதிக்கு வகுக்கும் எண்ணே கிடையாது. அந்த ஆண்டு விற்ற சீட்டுகளால் வகுக்கத் தோன்றும். ஆனால் வாங்கியவர் வேறு படுகைக்குப் போயிருப்பார், காலவரம்பு நிறைந்திருக்காது, அல்லது குடிமகனாக இருக்கமாட்டார். ‘இத்தனை பேர் வாக்களித்தனர்’ என்பதோடு நிறுத்துவது நேர்மை. சதவீதம் வேண்டுமென்றால் பிந்திய காலத் தேர்தலை எடுங்கள். 1894-இல் வின்சென்ட் பைக் இறந்ததால் டுவாபெகா தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் நல்ல பயிற்சிக் களம். வில்லியம் லார்னக் ஜெயித்தார். அப்போது பட்டியல் உண்டு, பெண்கள் வாக்களித்தார்கள், லிபரல் அரசு இருந்ததால் கட்சிக் கோடுகளும் ஓரளவு தெரியும். 1898-இல் லார்னக் இறந்ததும் அதே தொகுதியில் மறுபடி இடைத்தேர்தல் வந்ததால், ஒப்பிடவும் வழி இருக்கிறது.

கதைகளைச் சலிப்பது

தங்கவயல் தேர்தல்களைச் சுற்றிக் கதைகள் அதிகம். 1855-இல் விக்டோரியாவின் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலுக்குத் தங்கவயல் உறுப்பினர்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பல்லாரட்டில் யுரேகாவில் தோண்டுபவர்களுக்குத் தலைமை தாங்கிய பீட்டர் லாலரும் ஜான் பாசன் ஹம்ஃப்ரேயும், காசல்மெய்னில் நாம் மேலே கண்ட அதே வின்சென்ட் பைக்கும் தேர்வானார்கள். பீச்வொர்த் பக்கம் டேனியல் கேமரன். அவர் தங்க லாடம் அடித்த குதிரையில் ஊர்வலம் வந்தார் என்று அந்த ஊரில் இன்றும் விழா எடுத்துச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட செய்தியைக் கையாள ஒரு விதி: நடந்த வாரத்து இதழில் இருந்தால் நிகழ்ச்சியாக எழுதுங்கள், முப்பது ஆண்டு கழித்து வந்த நினைவுக் கட்டுரையில்தான் தென்படுகிறது என்றால் ‘என்று பின்னாளில் சொல்லப்பட்டது’ என்று எழுதுங்கள். லாடத்தின் எடை, விலை என்று கதைக்குக் கதை மாறும் எண்களைத் தொடவே வேண்டாம்.

கள்ளவாக்குக் குற்றச்சாட்டுக்கும் இதே விதி. ஒரே சீட்டைப் பலர் கைமாற்றினார்கள், ஒருவரே இரண்டு சாவடிக்குப் போனார் என்ற புகார், பட்டியல் இல்லாத முறையில் இயல்பாகவே எழும். தோற்றவரின் இதழில் கட்டாயம் எழும். அது எதிர்ப்பு மனுவாகச் சபைக்குப் போனதா என்று அடுத்த கூட்டத்தொடரின் நடவடிக்கைக் குறிப்புகளில் பாருங்கள். போயிருந்தால் சாட்சியங்களும் விசாரணை முடிவும் அதில் இருக்கும். தேர்தல் செல்லாமல் போயிருந்தால், நீங்கள் எழுத வேண்டிய இடைத்தேர்தல்கள் இரண்டாகிவிடும்.